கிளாஸ் திரும்புகிறது, போத்தல் கிடக்கிறது

குறிகட்டுவானில் பஸ் நம்மை இறக்கிவிட்டுத் திரும்பிப் போகிறது. யாழ்ப்பாணத்தில் ஏறி, பண்ணைப் பாலம் கடந்து, வேலணை கடந்து, வாணர் பாலத்தில் இரண்டு பக்கமும் கடலைப் பார்த்தபடி புங்குடுதீவுக்குள் நுழைந்து இங்கே வந்திருக்கிறோம். இதற்கு அப்பால் தரைவழி இல்லை. நயினாதீவுக்குப் போவதானாலும் நெடுந்தீவுக்குப் போவதானாலும் படகுதான். படகு வர இன்னும் நேரம் இருக்கிறது. வாருங்கள், ஒரு தேத்தண்ணி குடித்துக்கொண்டே பேசுவோம்.

ஆனி மாதம். நயினை நாகபூசணி அம்மன் திருவிழாக் காலம். பக்கத்து வாங்கில் ஓர் அண்ணை குடும்பத்தோடு இருக்கிறார். சுவிசிலிருந்து விடுமுறைக்கு வந்தவர். கையில் குடித்து முடித்த தண்ணீர்ப் போத்தல். எழுந்து சுற்றிலும் பார்க்கிறார், திரும்ப வந்து இருக்கிறார். கடைசியில், ஏற்கெனவே நாலைந்து வெறும் போத்தல்கள் கிடக்கும் மதிலோரத்தில் தன்னுடையதையும் மெல்ல வைத்துவிட்டு நம்மைப் பார்க்கிறார். "அங்க எண்டால் கடையில இருக்கிற பெட்டிக்குள்ள கொண்டுபோய்ப் போட்டிருப்பன். இஞ்ச எங்க போடுறது?"

அவர் சொல்வது உண்மை. சுவிசில் பிளாஸ்டிக் போத்தலைச் சேர்க்கக் கடைகளிலேயே பெட்டி வைத்திருக்கிறார்கள். பல ஊர்களில் வீட்டுக் குப்பையைப் போடுவதற்குக் கட்டணப் பை வாங்க வேண்டும், அதனால் தேவையில்லாமல் குப்பை சேர்க்க யாருக்கும் மனம் வருவதில்லை. அங்கே கண்ணாடியையும் கடதாசியையும் பிளாஸ்டிக்கையும் தனித்தனியாகப் பிரித்து வைக்கும் அதே கை, இங்கே மதிலோரத்தில் போத்தலை வைக்கிறது. ஆள் மாறவில்லை, அறிவும் குறையவில்லை, மனச்சாட்சியும் அப்படியே இருக்கிறது. அப்படியென்றால் மாறியது எது?

சுற்றுச்சூழலைக் காக்கும் மாற்றங்களை ஒரு சமூகம் ஏன் எதிர்க்கிறது, அல்லது ஏன் மெல்ல நழுவவிடுகிறது என்று சமூகவியலாளர்கள் நெடுங்காலமாகக் கேட்டு வருகிறார்கள். அந்தப் பெரிய கேள்விக்குள் நுழைய இந்தச் சின்னப் போத்தல் போதும்.

முதலில் நம் எல்லோரிடமும் இருக்கும் ஒரு தவறான எண்ணத்தை எடுத்து மேசையில் வைப்போம். "சனத்துக்கு விழிப்புணர்வு இல்லை." பாடசாலைக் கூட்டத்திலும் கோயில் வீதியிலும் பிரதேச சபையின் பதாகையிலும் இதைத்தான் கேட்கிறோம். மக்களுக்குத் தெரியவில்லை, தெரிந்தால் திருந்துவார்கள் என்ற நம்பிக்கை அதற்குள் இருக்கிறது. அதனால் துண்டுப்பிரசுரம் அடிக்கிறோம், கருத்தரங்கு வைக்கிறோம், சுவரில் ஓவியம் தீட்டுகிறோம். ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் அந்த ஓவியத்தின் கீழேயே பொலித்தீன் கிடக்கிறது. உடனே, "இன்னும் விழிப்புணர்வு வேணும்" என்கிறோம்.

அறிவு வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. வெறும் அறிவு ஒரு சமூகத்தை நகர்த்துவது மிக அரிது என்பதைத்தான் கவனிக்க வேண்டும். இங்கிலாந்தின் லங்காஸ்டர் பல்கலைக்கழகச் சமூகவியலாளர் எலிசபெத் ஷோவ் 2010இல் எழுதிய ஒரு கட்டுரையில் இதைத்தான் எடுத்துக்காட்டினார். மனப்பான்மையை மாற்றினால் நடத்தை மாறும், நடத்தை மாறினால் எல்லோரும் நல்லதைத் தேர்ந்தெடுப்பார்கள் என்ற கணக்கில் அரசுகள் திட்டம் போடுகின்றன. மனிதர் ஒவ்வொருவரும் தனித்தனியாக நின்று தேர்ந்தெடுக்கிறார்கள் என்ற எண்ணமே அந்தக் கணக்கின் பிழை என்றார் அவர்.

இறங்குதுறையில் கட்டி நிற்கும் அந்தப் படகைப் பாருங்கள். முன்னால் ஒரு கயிறு, பின்னால் ஒரு கயிறு, பக்கத்தில் நிற்கும் படகோடு இன்னொன்று. இத்தனையும் கட்டியபடி இருக்க, ஓட்டியைப் பார்த்து "ஏன் ஓடாமல் நிற்கிறாய், கடல் எங்கே இருக்கிறது என்று தெரியாதா?" என்று கேட்டால் எப்படி இருக்கும்? அவருக்குக் கடலும் தெரியும், போக வேண்டிய இடமும் தெரியும். கயிறுகளைத்தான் அவிழ்க்க வேண்டும். ஒன்றை அவிழ்த்துவிட்டு மற்றவற்றை விட்டால் படகு ஆடும், நகராது. சமூகங்களும் இப்படித்தான் கட்டுண்டு நிற்கின்றன. அந்தக் கயிறுகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்ப்போம்.

முதற்கயிறு நம் அன்றாட வாழ்க்கையிலேயே கிடக்கிறது. நம் பாட்டிமார் சந்தைக்குப் போகும்போது உமல் கொண்டு போனார்கள். பனையோலையில் இழைத்த பை அது. மீன் வாங்கினாலும் அதற்குள்தான். கூழ் குடிக்கப் பிலாவிலையைக் கோலி ஈர்க்குக் குத்தினார்கள். அவர்கள் எந்தக் கருத்தரங்குக்கும் போனதில்லை. வளவில் பனை நின்றது, ஓலை வெட்ட ஆள் இருந்தார், இழைக்கத் தெரிந்த கை வீட்டிலேயே இருந்தது. உமலோடு போவதுதான் சந்தைக்குப் போகும் அழகு என்ற எண்ணமும் ஊரில் இருந்தது.

ஷோவும் அவரோடு சேர்ந்து எழுதியவர்களும் இதைச் 'சமூக நடைமுறை' என்கிறார்கள். நடைமுறை ஒன்று நிற்பதற்கு அடுப்பைப் போல மூன்று கல் வேண்டும். ஒன்று பொருள், இன்னொன்று கைப்பழக்கம், மூன்றாவது அந்தச் செயலுக்கு ஊர் கொடுக்கும் மதிப்பு. உமலுக்கு மூன்றும் இருந்தன. இன்றைக்குப் பனை நிற்கிறது, இழைக்கும் கைகள் குறைந்துவிட்டன, உமலோடு பஸ்ஸில் ஏறினால் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். இரண்டு கல் சரிந்த அடுப்பில் பானையை ஏற்றச் சொல்லி வற்புறுத்துவதில் பயன் இல்லை.

சட்டம் போட்டால் சரியாகிவிடாதா என்று கேட்பீர்கள். போட்டுப் பார்த்தார்கள். 2017 ஏப்ரல் 14, புத்தாண்டு நாளில், கொழும்புக்கு அருகே மீதொட்டமுல்லையில் குப்பைமேடு சரிந்து முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். நாடே கலங்கியது. அதே ஆண்டு செப்டெம்பர் 1 முதல் லஞ்ச் சீற், மெல்லிய பொலித்தீன், ரெஜிபோம் உணவுப் பெட்டி எல்லாவற்றுக்கும் தடை வந்தது. ஆனால் சாப்பாட்டுக் கடைக்காரருக்கு மத்தியானம் ஒரு மணிக்கு இருநூறு சோற்றுப் பார்சல் கட்ட வேண்டியிருக்கிறது. சீற்றின் விலைக்கு, சீற்றைப் போல ஒழுகாமல், நினைத்த நேரத்தில் கிடைக்கும் வேறொன்று அவர் கைக்கு வரவில்லை. கந்தோரில் சாப்பிடுகிறவருக்குக் கோப்பை கழுவ இடமும் இல்லை. தடை தாளில் இருந்தது, லஞ்ச் சீற்றும் பல கடைகளில் தொடர்ந்து இருந்தது. பழைய வழியை மூடுவதற்கு முன் புதிய வழியை வெட்டியிருக்க வேண்டும்.

இரண்டாவது கயிற்றின் மறுமுனை அடுத்தவர் கையில் இருக்கிறது. இந்தக் கடலில் தொழில் செய்யும் ஒருவரிடம் தங்கூசி வலையைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். குஞ்சும் குருமனும் அதில் சிக்கும், அறுந்து கடலடியில் கிடந்தால் உக்காது, வருடக்கணக்கில் மீனைக் கொன்றுகொண்டே இருக்கும் என்று நமக்கே பாடம் எடுப்பார். பிறகு ஒரு வரி சொல்வார்: "எல்லாரும் விட்டால் நானும் விடுறன்."

இது சாக்குப்போக்கு இல்லை, சரியான கணக்கு. அவர் ஒருவர் மட்டும் வலையைக் கைவிட்டால் கடலில் மீன் கூடாது. அவர் விட்ட மீன் அடுத்த வள்ளத்துக்குப் போகும். இழப்பு இன்றைக்கே அவர் வீட்டு உலைக்கு வரும், நன்மையோ பத்து வருடம் கழித்து எல்லோருக்கும் பங்கிட்டுக் கிடைக்கும். இதைக் 'கூட்டுச் செயல் சிக்கல்' என்று சொல்கிறார்கள். மன்சர் ஓல்சன் என்ற அமெரிக்க அறிஞர் 1965இல் இதை விரிவாக எழுதினார். கடைசிப் பஸ்ஸுக்கு வரிசையில் நிற்பதை நினைத்துப் பாருங்கள். எல்லோரும் நின்றால் நமக்கும் இடம் கிடைக்கும். நாலு பேர் பாய்ந்து ஏறத் தொடங்கினால் வரிசையில் நிற்கிற நல்ல மனிதர்தான் வீதியில் நிற்பார். அடுத்த நாள் அவரும் பாய்வார். அவருக்கு ஒழுக்கம் தெரியாமல் அல்ல, வரிசையைக் காக்க ஆள் இல்லாமல்.

நெடுந்தீவுக்கு அப்பால் இரவில் தெரியும் றோலர் வெளிச்சங்களின் கதையும் இதனோடு சேர்ந்ததே. றோலரின் இழுவைமடி கடலின் அடித்தரையை வாரிக்கொண்டு போகிறது. கீரை ஆய வந்தவர் பாத்தி மண்ணோடு வாரிப் போவதைப் போல. இலங்கை 2017இல் இழுவைமடித் தொழிலைச் சட்டத்தால் தடைசெய்தது. குருநகரிலும் பேசாலையிலும் றோலர் வைத்திருந்தவர்கள் கேட்ட கேள்வி நியாயமானது: "இந்தியப் படகுகள் நூற்றுக்கணக்கில் வந்து இழுக்கேக்க, எங்களை மட்டும் ஏன் நிப்பாட்டச் சொல்லுறியள்?" வரிசையில் நிற்கிறவரின் கேள்விதான் இது.

மறுகரையில் இராமேசுவரத்து விசைப்படகுக்காரரின் கதையையும் கேட்போம். அது இன்னும் ஆழமான கயிற்றைக் காட்டும். 2017இல் இந்திய மத்திய அரசும் தமிழ்நாட்டு அரசும் சேர்ந்து ஒரு திட்டம் கொண்டுவந்தன. இழுவைப்படகை ஒப்படைத்தால், சூரை பிடிக்கும் ஆழ்கடல் படகு தரப்படும். விலை 80 லட்சம் ரூபாய். பாதியை மத்திய அரசும் ஐந்தில் ஒரு பங்கை மாநில அரசும் கொடுக்கும், மிச்சத்தில் பெரும்பகுதிக்கு வங்கிக் கடன் கிடைக்கும். மூன்று வருடத்தில் 2000 படகுகளை மாற்றுவது இலக்கு. மாறியவை அந்த இலக்குக்கு எட்டாத தூரத்தில் நின்றன. இவ்வளவு மானியம் கொடுத்தும் ஏன் மாறவில்லை என்று பலர் வியந்தார்கள்.

வியப்பை வைத்துவிட்டு அந்த மனிதரின் நாளைப் பார்ப்போம். பாக்கு நீரிணையில் இழுவைமடிக்குப் போகிறவர் ஒரு நாள் போய் மறுநாள் வீடு வருகிறார். ஆழ்கடல் என்றால் வாரக்கணக்கில் வீட்டைப் பிரிந்திருக்க வேண்டும். பாக்கு நீரிணை ஆழமற்றது. அதன் மேடும் பள்ளமும் அவருக்கு உள்ளங்கை ரேகை. ஆழ்கடலுக்கு அந்த அறிவு உதவாது. ஒரே நீண்ட கயிற்றில் நூற்றுக்கணக்கான தூண்டில் தொங்கவிடும் தொழிலை முதலிலிருந்து பழக வேண்டும். இறால் வாங்கும் வியாபாரி சூரை வாங்கமாட்டார். பழைய கடன் அந்த இறால் வியாபாரியிடமே இருக்கும். கரையில் இறால் தரம்பிரிக்கும் பெண்களுக்கு என்ன வேலை என்பதற்கும் பதில் இல்லை. திட்டம் போட்டவர்களுக்கு இது படகை மாற்றும் காரியம். அவருக்கோ வாழ்க்கை முழுவதையும் பிடுங்கி நடுவது. பிடுங்கிய பயிர் புது மண்ணில் வேர் விடும்வரை தண்ணீர் ஊற்றுவது யார் என்று அவர் கேட்பதில் பிழை இல்லை.

அடுத்த கயிறு நட்டக் கணக்கு. மாற்றத்தால் வரும் நன்மை யாருக்கு, சுமை யார் தலையில்? மன்னார்த் தீவில் 2020 டிசம்பரில் தம்பபவனி காற்றாலைப் பண்ணை தொடங்கியது. முப்பது கோபுரங்கள். காற்றிலிருந்து மின்சாரம், புகை இல்லை, நிலக்கரி இல்லை. கொழும்பிலிருந்து பார்க்கும்போது குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் மேலும் காற்றாலைகள் வரப்போகின்றன என்றபோது 2025இல் மன்னார் மக்கள் வாரக்கணக்கில் வீதியில் இருந்து போராடினார்கள். மழைநீர் ஓடும் வழி அடைபடுகிறது, வெள்ளம் வீட்டுக்குள் வருகிறது, கடற்கரையில் தொழிலுக்கு இடைஞ்சல், வலசை வரும் பறவைகளுக்கு ஆபத்து என்றார்கள். "சுற்றுச்சூழலுக்கு நல்ல திட்டத்தையே எதிர்க்கிறார்களே" என்று வெளியிலிருந்து பார்ப்பவர் நினைக்கலாம். அவர்கள் கேட்டது, எல்லோருக்கும் வெளிச்சம் வர எங்கள் முற்றம் மட்டும் ஏன் இருள வேண்டும் என்பதுதான். இதைச் 'சுற்றுச்சூழல் நீதி' என்று சமூகவியல் பேசுகிறது. பொதுப் பந்தியில் பாயாசம் எல்லோருக்கும், எச்சில் இலை எடுப்பது மட்டும் ஒரே வீட்டுக்கு என்றால், அந்த வீடு அடுத்த பந்திக்கு வராது.

பிறகு வருவது நம்பிக்கை. கண்ணுக்குத் தெரியாத கயிறு, ஆனால் எல்லாவற்றிலும் தடிப்பானது. இலங்கையில் நெல் விவசாயிக்கு 1962 முதல் உரமானியம் கொடுத்து, இரசாயன உரத்தைப் பழக்கியது அரசுதான். இரண்டு தலைமுறை அதிலேயே வளர்ந்தது. 2021 மே மாதத்தில் அதே அரசு இரசாயன உர இறக்குமதியை ஒரேயடியாகத் தடைசெய்தது. நாடு முழுவதும் இனி இயற்கை விவசாயம் என்றது. விளைச்சல் விழுந்தது, விவசாயிகள் வீதிக்கு வந்தார்கள், நவம்பரில் தடை திரும்பப் பெறப்பட்டது. இதைப் பார்த்து, "எங்கள் விவசாயிகளுக்கு இயற்கை உரத்தின் அருமை தெரியவில்லை" என்று பேசியவர்கள் உண்டு.

இங்கேதான் நாம் மேசையில் வைத்த அந்தத் தவறான எண்ணத்தை மறுபடி எடுத்துப் பார்க்க வேண்டும். 2021 நடுப்பகுதியில் வெரிட்டே ரிசர்ச் என்ற கொழும்பு ஆய்வு நிறுவனம் விவசாயிகளிடம் கருத்துக் கேட்டது. பாதிக்கும் மேற்பட்டோர் இயற்கை உரத்துக்கு மாறுவதை ஆதரித்தார்கள். ஆனால் ஆதரித்தவர்களில் பெரும்பாலானோர் அதற்கு ஒரு வருடத்துக்கும் கூடிய காலம் வேண்டும் என்றார்கள். போகும் இடத்தில் அவர்களுக்குச் சம்மதம் இருந்தது. போகும் வேகத்தையும், வழியில் விழுந்தால் தூக்க ஆள் இல்லாததையும்தான் எதிர்த்தார்கள். நாம் 'எதிர்ப்பு' என்று ஒரே சொல்லால் அழைப்பதற்குள் இப்படி எத்தனை வேறுவேறு பேச்சுகள் இருக்கின்றன பாருங்கள்.

நம்பிக்கை ஒரே நாளில் முளைப்பதில்லை, உடைவது மட்டும் ஒரே நாளில் நடக்கிறது. இந்தத் தீவுகளின் மக்கள் போரில் இடம்பெயர்ந்தவர்கள். கடலுக்குப் போகத் தடை, போகலாம் என்று அனுமதி, மறுபடி தடை என்று பல வருடங்கள் பார்த்தவர்கள். அறிவித்த எத்தனையோ திட்டங்கள் பெயர்ப்பலகையோடு நின்றதையும் பார்த்தவர்கள். இப்படிப்பட்ட ஊருக்கு ஒருவர் கோப்போடு வந்து, "இது உங்கள் நன்மைக்குத்தான்" என்றால், ஊர் முதலில் அவர் முகத்தைப் பார்க்கும், பிறகுதான் கோப்பைப் பார்க்கும். அதைப் பிடிவாதம் என்று சொல்லக்கூடாது, அனுபவம் என்றுதான் சொல்ல வேண்டும்.

இன்னொரு கயிறு நம் நாவைக் கட்டியிருக்கிறது. கரி நோர்கார்ட் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் 2000–2001 குளிர்காலத்தில் நோர்வேயின் ஒரு சிற்றூரில் தங்கி ஆராய்ந்தார். அந்த வருடம் பனி பிந்தி விழுந்தது, ஏரி உறைந்து தடிக்கவில்லை. ஏன் என்று ஊருக்குத் தெரியும், செய்தியிலும் வந்தது. ஆனால் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. பேசினால் பயம் வருகிறது, குற்ற உணர்வு வருகிறது, ஒருவரால் ஒன்றும் செய்ய முடியாது என்ற கையறு நிலை வருகிறது. அதனால் எல்லோரும் சேர்ந்து, சொல்லிவைக்காமலே, அந்தப் பேச்சை ஒதுக்கிவைத்தார்கள். 2011இல் வந்த தம் நூலில் இதைச் சமூகமே சேர்ந்து கட்டிக்கொண்ட மறுப்பு என்று அவர் விளக்கினார்.

தொலைவான நோர்வே என்று நினைக்க வேண்டாம். சாவீட்டில் முதல் மணித்தியாலம் எல்லோரும் மழையைப் பற்றியும் பஸ்ஸைப் பற்றியும் பேசுவோமே, அதேதான். கிணற்றுத் தண்ணீர் முன்னையைவிட உவர்க்கிறது என்று வீட்டில் சொல்கிறோம், சங்கக் கூட்டத்தில் சொல்வதில்லை. ஒவ்வொருவரும் தனக்குள் கவலைப்பட்டு, மற்றவர் கவலைப்படவில்லை என்று நினைத்துக்கொள்கிறோம். பேசாத கவலை நூறு பேரிடம் இருந்தாலும் ஊரின் கவலை ஆவதில்லை.

கடைசியாக ஒன்றைச் சொல்லாமல் விட்டால் நியாயமாகாது. எதிர்ப்பு எப்போதும் கீழிருந்துதான் வருகிறது என்று எண்ணக்கூடாது. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றுக்கும் தேசிய மின்கம்பி வருவதில்லை. டீசல் இயந்திரங்கள்தான் வெளிச்சம் கொடுத்து வந்திருக்கின்றன. காற்றும் வெயிலும் தாராளமாகக் கிடைக்கும் இந்தத் தீவுகளில் இரண்டையும் சேர்த்து மின்சாரம் எடுக்கும் திட்டம், ஆசிய அபிவிருத்தி வங்கியின் நிதியில் 2021 ஜனவரியில் ஒரு சீன நிறுவனத்துக்குக் கொடுக்கப்பட்டது. இந்தியா ஆட்சேபித்தது. அந்த ஆண்டு முடிவதற்குள் வேலை நிறுத்தப்பட்டது. 2022 மார்ச்சில் இந்தியா நன்கொடையாகச் செய்துதர உடன்பாடு கண்டது. ஒப்பந்தம் கையெழுத்தானது 2024 மார்ச்சில். இந்த இழுபறியில் தீவு மக்கள் எந்தக் கயிற்றையும் பிடித்து இழுக்கவில்லை. மூன்று வருடமும் டீசல் எரிந்தது. ஆகவே ஒரு மாற்றம் தடைபட்டால், கிராமத்தைப் பார்ப்பதற்கு முன் மேலேயும் ஒருமுறை பார்ப்போம்.

இவ்வளவு கயிறா என்று மலைக்க வேண்டாம். அவிழ்த்துக் காட்டியவர்களும் நம் நாட்டிலேயே இருக்கிறார்கள். கல் ஓயா இடதுகரை நீர்ப்பாசனத் திட்டத்தில் விவசாயிகள் தண்ணீருக்குச் சண்டை போடுகிறவர்கள், ஒற்றுமைப்படாதவர்கள் என்று அதிகாரிகள் கைவிட்டிருந்தார்கள். மேற்பகுதியில் தண்ணீர் வீணாகும், வாய்க்கால் முடியும் இடத்தில் வயல் காயும். 1980களின் தொடக்கத்தில் கமநல ஆராய்ச்சி, பயிற்சி நிறுவனமும் கோர்னெல் பல்கலைக்கழகமும் சேர்ந்து படித்த இளைஞர், யுவதிகளை அங்கே அனுப்பின. அவர்கள் பிரசங்கம் செய்யவில்லை. ஊரில் தங்கினார்கள், வீடு வீடாகப் போய்க் கேட்டார்கள், ஒரே வாய்க்காலில் தண்ணீர் எடுக்கும் பத்துப் பதினைந்து குடும்பங்களைச் சேர்த்து உட்காரவைத்தார்கள். சில வாரங்களுக்குள் விவசாயிகளே சேர்ந்து வாய்க்கால் துப்புரவாக்கினார்கள், முறைவைத்துத் தண்ணீர் எடுத்தார்கள், மிச்சம் பிடித்துக் கீழ்ப்பகுதிக்கு விட்டார்கள். மேற்பகுதியில் சிங்களவரும் கீழ்ப்பகுதியில் தமிழரும் இருந்த இடங்களிலும் இது நடந்தது. அந்த வேலையில் இருந்த நோர்மன் அப்ஹொஃப் இதையெல்லாம் எழுதிவைத்திருக்கிறார்.

அங்கே புதிதாக என்ன நடந்தது? தண்ணீரை வீணாக்கக்கூடாது என்பது அந்த விவசாயிகளுக்கு முன்பே தெரியும். தான் சேமித்தால் அடுத்தவரும் சேமிப்பார் என்ற உறுதிதான் புதிதாகக் கிடைத்தது. பேசுவதற்கு ஓர் இடம் கிடைத்தது. சொன்னதைக் கேட்க ஆள் கிடைத்தார். பொதுவளத்தை மக்களே விதி வகுத்துக் காக்க முடியும் என்பதை உலகெங்கும் தேடி நிறுவி, 2009இல் பொருளியல் நோபல் பரிசு பெற்ற எலினோர் ஒஸ்ட்ரம் தம் 1990ஆம் ஆண்டு நூலில் கல் ஓயாவையும் எடுத்துப் பேசினார். விதியை வகுப்பதில் பங்கு உள்ளவர் அதைக் காப்பதிலும் பங்கெடுப்பார் என்பது அவர் நமக்குக் கொடுத்துப்போன பாடம்.

சரி, அந்தப் போத்தலுக்கு வருவோம். அண்ணைக்கு நாம் அறிவுரை சொன்னால் அவர் இன்றைக்குத் தன் போத்தலைப் பையில் போட்டுக்கொண்டு போவார். நாளைக்கு வரும் ஐந்நூறு பேருக்கு என்ன செய்வது? வேறு விதமாகக் கேட்போம். வெறும் போத்தலைத் திரும்ப வாங்கிக்கொண்டு சில ரூபாய் கொடுக்க ஆள் இருந்தால்? முன்பு சோடாப் போத்தலுக்கு அப்படித்தானே இருந்தது. தீவுக்குச் சாமான் ஏற்றிப்போகும் வள்ளங்கள் வெறுமனே திரும்பும்போது சாக்குக் கட்டி ஏற்றிவந்தால்? அந்த ஏற்றுக்கூலி யாருடையது என்பதைப் பிரதேச சபையும் கோயிலும் படகுச் சங்கமும் ஒரே பாயில் இருந்து பேசினால்? முடியாதென்று சொல்ல வேண்டாம். அக்கரையில், நயினாதீவில், அமுதசுரபி அன்னதான மண்டபம் திருவிழாவுக்கு வரும் ஆயிரக்கணக்கானோருக்கு ஒழுங்காகச் சோறு போடுகிறது. அத்தனை பேருக்கும் உணவு போய்ச் சேரும் வழியைக் கண்ட ஊரால், வெறும் போத்தல் திரும்பி வரும் வழியையும் காண முடியும்.

அதோ படகு வருகிறது. தேத்தண்ணியும் முடிந்தது. வெறும் கிளாஸை எடுத்துக்கொண்டுபோய்க் கடை மேசையில் வைக்கிறோம். சுவிஸ் அண்ணையும் தன் கிளாஸை அங்கேயே கொண்டுவந்து வைக்கிறார். கடைக்கார அம்மா அவற்றைக் கழுவி, அடுத்த பஸ்ஸில் வருகிறவர்களுக்காகக் கவிழ்த்து வைக்கிறார். கிளாஸை மதிலோரத்தில் போடாதீர்கள் என்று இங்கே ஓர் அறிவித்தலும் இல்லை. வாங்கிக்கொள்ள ஒரு கை இருக்கிறது, கழுவ ஒரு வாளித் தண்ணீர் இருக்கிறது, திரும்பக் கொடுப்பதே வழக்கமாகவும் இருக்கிறது. அதனால் கிளாஸ் திரும்புகிறது. போத்தலுக்கும் அந்த மூன்றையும் தேடிக் கொடுப்பதுதான் நம் முன்னால் இருக்கும் வேலை.